பத்தாயிரம் வாட்ஸ், ஒரு ஆம்ப் ஃபியூஸ்

காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் கொல்லிமலை உச்சிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை உண்டு. அதனால் மலைக்கு வருகிறவர்களிடம் எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனையாவது வளைவு என்றுதான் கேட்பார்கள். போன ஆடியில், முப்பத்தாறாவது வளைவில் ஒரு லாரிக்கு வழிவிட்டு நின்றிருந்தபோது தம்பியின் போன் வந்தது.

“எங்கண்ணா வந்துட்டிருக்கீங்க?”

“முப்பத்தாறு.”

“சீக்கிரம் வாங்க. புது ஹோம் தியேட்டர்ல பாட்டு கேக்குது, மழை கேக்குது, துப்பாக்கி வெடிக்கிறது கேக்குது. ஆளுங்க பேசறது மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வருது.”

தம்பி செம்மேட்டுக்குப் பக்கத்தில் மிளகுக் கொடி படர்ந்த தோட்டத்துக்கு நடுவே மூன்று அறை கட்டி, ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். வருகிறவர்கள் எல்லாரும் அமைதி தேடித்தான் வருகிறார்கள். வந்து இரண்டு மணி நேரம் ஆனதும் “டி.வி. எங்கே?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகக் கூடத்தில் ஒரு ஹோம் தியேட்டர். மொத்தப் பட்ஜெட் 15,000 ரூபாய்.

எங்கள் குடும்பத்தில் ஆம்ப்ளிஃபயர் சங்கதி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது அவனுடைய நம்பிக்கை. நான் மின்சாரம் படித்தவனல்ல. கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். என் தகுதி ஒன்றே ஒன்று: நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே மலையில் மாமாவின் மைக் செட்டுக்குப் பேட்டரி சுமந்திருக்கிறேன்.

*

1984. அப்போது நாமக்கல் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. 1997 வரைக்கும் நாங்கள் சேலம் மாவட்டத்துக்காரர்கள். மாமா சேந்தமங்கலத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். பெயர்தான் சர்வீஸ். உள்ளே இருந்தது 30 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, கூம்புக் குழாய் இரண்டு, மைக் ஒன்று, ரெக்கார்டு பிளேயர் ஒன்று, லாரிக்குப் போடுகிற 12 வோல்ட் பேட்டரி ஒன்று, வயர் சுருள் நான்கு. சீரியல் பல்பு மாலை தனி வாடகை.

மலைமேல் திருவிழா என்றால் எல்லாவற்றையும் பஸ் டாப்பில் ஏற்றுவோம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஊருக்கு ஒற்றையடிப் பாதை. குழாய்களை ஊர்ப் பையன்கள் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னே ஓடுவார்கள். பேட்டரி என் தலையில். அமிலம் சிந்தி என் சட்டைகள் எல்லாம் தோளில் ஓட்டை. ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாமா யாரிடமும் தர மாட்டார். துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார்.

அந்தப் பெட்டியின் முதுகில் வரிசையாகத் திருகாணிகள். பக்கத்தில் 4, 8, 16, 70, 100 என்று எண்கள். முதல் தடவை பார்த்தபோது பஸ் டிக்கெட் விலை என்று நினைத்தேன். முதல் மூன்றும் ஓம், கடைசி இரண்டும் வோல்ட் என்று மாமா சொன்னார். ஓம் என்றால் என்ன என்று கேட்டேன்.

“தண்ணித் தொட்டியில குழாய் வச்சிருக்கோம்ல? குழாய் வாய் அகலமா இருந்தா தண்ணி அதிகம் போகும், சின்னதா இருந்தா கொஞ்சமா போகும். ஓம் கம்மின்னா வாய் அகலம். தொட்டி தாங்குற அளவுக்குத்தான் வாயைத் தொறக்கணும் மாப்ளே.”

ஒவ்வொரு குழாய்க்கும் பின்னால் திருகியிருந்த யூனிட் 16 ஓம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் 8 ஓம் ஆகும். அப்போது வயரை 8 என்கிற திருகாணியில் மாட்ட வேண்டும். ஒரு குழாயைக் கழற்றிவிட்டால் 16-க்கு மாற்ற வேண்டும். வரிசையாக, ஒன்றன் வாலை இன்னொன்றின் தலையில் கட்டினால் 32. அதற்கு அந்தப் பெட்டியில் திருகாணியே கிடையாது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் பின்னம் பின்னம் என்று என்னை அடித்தார்கள். ஒன்றின் கீழ் பதினாறும் ஒன்றின் கீழ் பதினாறும் கூட்டினால் ஒன்றின் கீழ் எட்டு என்பது எனக்குப் புரிந்தது மலைமேல் வளப்பூர் நாட்டில், ஒரு பலா மரத்தடியில்.

சில ஊர்களில் ஒரு குழாய் கோயிலில் இருக்கும், இன்னொன்று ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள குடியிருப்பில் வேண்டும் என்பார்கள். முந்நூறு மீட்டருக்கும் மேல் மெல்லிய வயர் இழுக்க வேண்டும். அவ்வளவு நீள வயருக்கே ஒரு பத்து ஓம் வந்துவிடும். ஓம் திருகாணி வழியில் அனுப்பினால் பாட்டில் ஒரு நல்ல பங்கு வயரிலேயே தீர்ந்துபோகும். வயருக்குப் பாட்டுக் கேட்கத் தெரியாது, சூடாகத்தான் தெரியும். அங்கேதான் 100 வோல்ட் திருகாணி. அந்த வழியில் 10 வாட்டை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். எதிர்முனை ஆயிரம் ஓமாக நிற்கும்போது, நடுவில் வருகிற பத்து ஓம் பிச்சைக்காசு. அந்தக் குழாயின் கழுத்தில் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்ஃபார்மரைக் கட்டி, வோல்ட்டைத் திரும்ப இறக்கிக்கொள்ள வேண்டும்.

“மேட்டூர்ல இருந்து கரண்ட்டு எப்படி வருது? வோல்ட்டை ஏத்தி, ஆம்ப்பைக் குறைச்சு. அதேதான் இதுவும்” என்பார் மாமா. எட்டாவதோடு பள்ளியை விட்டவர்.

இதற்கு முன்னால் அவரிடம் வால்வு செட் ஒன்று இருந்ததாம். அதன் சுபாவம் நேர் எதிர். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்யூம் வைத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். டிரான்சிஸ்டர் செட் ஸ்பீக்கர் இல்லாமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் சும்மா இருக்கும், அளவுக்கு மீறி ஸ்பீக்கர்களைச் சேர்த்தால்தான் சாகும். “பழைய செட்டு தனியா இருந்தா செத்துப்போகும், புது செட்டு கூட்டம் சேர்ந்தா செத்துப்போகும்” என்று மாமா சொல்வார். இரண்டு தலைமுறைகளைப் பற்றியும் இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் உத்தியோகம் காவல். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, குமிழைத் திருக வருகிற கைகளைத் தட்டிவிட வேண்டும். மாமா மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு முதலில் சொல்கிற வாசகமே அதுதான்: பெட்டிப் பக்கம் பிள்ளைகள் வர வேண்டாம். அதன் பிறகுதான் விநாயகர் பாட்டு.

அந்த 30 வாட்டில் மூன்று குன்றுகளுக்குக் கேட்கும். தினை வரகு காவலுக்குப் பரணில் இருப்பவர்கள் அங்கிருந்தே அடுத்த பாட்டு இன்னது என்று கூவிச் சொல்வார்கள். பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூம்புக் குழாய்க்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் வரும். வீட்டில் வைக்கிற சின்னப் பெட்டி ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 85 டெசிபல்தான் தரும். இடையில் 20 டெசிபல். ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பதால், அது நூறு மடங்கு. குழாய் ஒரு வாட்டில் செய்கிற வேலைக்குப் பெட்டி 100 வாட் கேட்கும். மூன்று குன்று கேட்டது ஆம்ப்ளிஃபயரின் பெருமையால் மட்டும் அல்ல.

*

நடுவில் ஒரு காலம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குச் சம்பளம் வந்தது, மீசை வந்தது, 4440 வந்தது. 4440 என்பது ஒரு ஐ.சி.யின் எண். தமிழ்நாட்டில் அந்த வயதுப் பையன்களுக்குப் பரீட்சை நம்பர் மறந்திருக்கும், அது மறந்திருக்காது. 12 வோல்ட்டில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு வாட், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் பத்தொன்பது. ஊருக்கு ஊர் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடைகளில் அந்தப் போர்டைப் பூட்டிக் கொடுத்தார்கள்.

ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி அடிக்கக் காசு இல்லாதவர்கள் பானை வாங்கினோம். பானை வாயில் எட்டு இன்ச் ஸ்பீக்கரைக் கவிழ்த்து ஒட்டினால் கும் கும் என்று ஒரு சத்தம் வரும். எல்லாப் பாட்டுக்கும் ஒரே கும். அது பாட்டில் உள்ள பேஸ் அல்ல, பானையின் சொந்தக் குரல் என்பது பிறகு தெரிந்தது. சும்மா இருக்கும் குடத்தின் வாயில் ஊதினாலும் அதே சுருதிதான். ஆனால் அன்றைக்கு, என் அறைக்குள் நுழைந்தவர்களெல்லாம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மாமா மட்டும் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, “பொங்கலுக்கு இறக்கிடுவீங்கல்ல?” என்றார்.

*

எழுபதாவது வளைவு தாண்டித் தம்பி வீடு போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் டி.வி.க்குக் கீழே அந்தப் பெட்டி. முன்பக்கம் முழுக்க நீலமும் சிவப்புமாக ஓடுகிற விளக்குகள். நெற்றியில் ஸ்டிக்கர்: 5.1, 10,000 வாட்ஸ், பி.எம்.பி.ஓ. பெயர் போட்ட கம்பெனிச் சரக்கு கிடையாது. கீழே ஒரு கடையில் பூட்டிக் கொடுத்தது.

கொல்லிமலைக்குப் பாவை ஒன்று உண்டு. சிரித்தே மயக்கி, கிட்டே வந்தவனைக் கொன்றுவிடும் பொம்மை. சங்கப் புலவர்கள் பலர் அவளைப் பாடியிருக்கிறார்கள். அவள் எங்கே போனாள் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள், எலெக்ட்ரானிக்ஸ் கடைக் கண்ணாடி அலமாரிகளையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

“ஃபியூஸ் எங்கடா?” என்றேன்.

“அதெல்லாம் இன்னும் போகலீங்கண்ணா.”

“போகலைன்னா நல்லது. எத்தனை ஆம்ப்னு பார்க்கணும்.”

மாமாவின் வித்தை அது. வாட்டை முகத்தில் படிக்காதே, முதுகில் படி என்பார். திருப்பி, ஃபியூஸைக் கழற்றிக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு ஆம்ப். 230 வோல்ட்டும் ஒரு ஆம்ப்பும் பெருக்கினால் 230 வாட். சுவரிலிருந்து அதற்கு மேல் நெடுநேரம் இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். பத்தாயிரம் வாட் வர வேண்டுமானால் 43 ஆம்ப் வேண்டும், அதற்கு இந்தக் குடியிருப்பு முழுவதும் விளக்கை அணைத்து ஒத்துழைக்க வேண்டும். மூடியைத் திறந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, ஐந்து ஆம்ப். 24-ஐ ஐந்தால் பெருக்கினால் 120. அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். நன்றாக வேலை செய்தால் ஆறு ஸ்பீக்கருக்கும் சேர்த்து எழுபது வாட் தேறும். பி.எம்.பி.ஓ. என்பது, ஒரு நொடியின் சின்னத் துணுக்கில் எல்லாமே உச்சத்தில் இருந்தால் எவ்வளவு வரும் என்று விற்பவர் காணும் கனவு. நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்கிற, தொடர்ந்து தரக்கூடிய வாட்.

எழுபது வாட் ஒரு கூடத்துக்குத் தாராளம். மாமா முப்பதில் மூன்று குன்றை எழுப்பினார். ஆக, குறை வாட்டில் இல்லை.

“ஸ்பீக்கரெல்லாம் எங்க வாங்கினே?”

தம்பி சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது. முன்னால் இருக்கும் இரண்டும் பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய ஓவல் ஸ்பீக்கர்கள். வாகனத்துக்கு வருபவை, நான்கு ஓம். பின்னால் இருக்கும் இரண்டும் கடைக்காரர் கொடுத்தவை, அவையும் நான்கு ஓம். வருகிறவர்கள் திண்ணையிலும் கேட்கட்டும் என்று பின் ஸ்பீக்கர்களின் வயரிலேயே இன்னும் இரண்டைத் தொங்கவிட்டிருந்தான்.

“அப்ப ஒரு பக்கத்துக்கு ரெண்டு ஓம்.”

“ரெண்டு ரெண்டா இருந்தா சத்தம் ரெண்டு மடங்கு வருமில்லீங்களா?”

தொட்டியின் வாயைத் தொட்டியை விட அகலமாகத் திறந்து வைத்திருந்தான். உள்ளே ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு 2030 ஐ.சி. நான்கு ஓமில் பதினான்கு வாட் வரை கொடுக்கும் நல்ல பிள்ளை. இரண்டு ஓமில் பிடித்து இழுத்தால் சூடாகும். ஆனால் அதற்குள் ஒரு காவல்காரனும் இருக்கிறான். சூடு அளவு மீறினால் தானே வாயை மூடிக்கொள்ளும், ஆறியதும் திரும்பப் பேசும். சண்டைக் காட்சி வந்தால் பின்னால் இருந்து சத்தம் நின்றுவிடுகிறது, கதாநாயகி அழும்போது திரும்ப வருகிறது என்று தம்பி சொன்னதற்கு அர்த்தம் இதுதான். அவன் அதை டால்பி எஃபெக்ட் என்று நினைத்திருக்கிறான்.

மேல் சுருதி பாடுகிற ட்வீட்டர்கள் இரண்டு ஏற்கெனவே ஊமை. “பத்தாயிரம் வாட்டுல ட்வீட்டர் தாங்கலை போல” என்றான். நடந்தது தலைகீழ். வாட் அதிகமானால் மட்டுமல்ல, வாட் போதாமல் போனாலும் ட்வீட்டர் போகும். சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. அந்த வெட்டு விளிம்புகளில் மேல் சுருதிகள் கொத்துக் கொத்தாகப் பிறந்து, நேராக ட்வீட்டரின் மெல்லிய சுருளில் போய் இறங்குகின்றன. அதிலும் மலையில் மாலை வேளை மின்சாரம் 180 வோல்ட்டுக்கு இறங்கும். வோல்ட் குறைந்தால் வாட் அதன் வர்க்கமாகக் குறையும். 230-க்குக் கிடைத்ததில் அறுபது சதவீதம்தான் 180-ல் தேறும். சத்தம் குறைகிறதே என்று தம்பி இன்னும் திருகுவான். பழைய நோயாளிக்கு இன்னொரு தம்ளர் சாராயம்.

“சரி, நடு ஸ்பீக்கர் எங்க? பேச்சு அதுலதானே வரணும்?”

தம்பி அசட்டுச் சிரிப்புடன் அடுப்படியைக் காட்டினான். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. தம்பி மனைவி சமைக்கும்போது சீரியல் வசனம் கேட்க வேண்டும் என்று பத்து மீட்டர் வயர் இழுத்துக் கொண்டுபோய் வைத்திருந்தான். அதனால் ஆட்கள் பேசுவதெல்லாம் அடுப்படியில் தெளிவாக நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் மழையும் துப்பாக்கியும்.

அப்படியே இருந்தாலும் முன் ஸ்பீக்கர்களிலும் பேச்சு கேட்க வேண்டுமே? அங்கேதான் அந்தக் கிணறு. டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரிக் கட்டையை எடுத்து, முன் ஸ்பீக்கர்களின் வயரை அதன் இரு முனைகளிலும் தொட்டுப் பார்த்தேன். இடது ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் துள்ளியது. வலது, அதே நிற வயருக்குப் பின்னால் பதுங்கியது. பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. வசனம் இரண்டு பக்கமும் சமமாகப் பதிந்திருக்கும். ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பேச்சு தேய்ந்துபோகும், பேஸும் போகும். பக்கவாட்டில் சிதறிய பாட்டும் மழையும் மட்டும் மிஞ்சும். இடது கையும் வலது கையும் ஒரே நேரத்தில் கதவை எதிரெதிராகத் தள்ளினால் கதவு எப்படி அசையும்?

இன்னும் ஒன்று பாக்கி. டி.வி.யிலிருந்து பெட்டிக்கு வந்தது சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டே வயர். இந்தப் பெட்டிக்குள் டால்பி சங்கேதத்தைப் பிரிக்கும் டீகோடர் எதுவும் கிடையாது. இரண்டு ஊற்றிலிருந்து ஆறு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இடது வலதைக் கூட்டி நடு ஸ்பீக்கருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பின்னாலும், கீழ்ச் சுருதியை வடிகட்டி சப் ஊஃபருக்கும் அனுப்புகிறது. கழித்தால் இரண்டிலும் பொதுவாக உள்ள பேச்சுதான் முதலில் போகும். பின்னால் இருக்கும் நான்கு ஸ்பீக்கரிலும் யாரும் பேசாததற்குக் காரணம் அது. ஆக ஏழு ஸ்பீக்கர், ஒரு சப். அடுப்படியைத் தவிர எங்கேயும் மனிதக் குரல் கிடையாது.

*

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். மாமாவின் வரிசை அப்படியே: “முதல்ல ஓமைப் பாரு, அப்புறம் வாட்டைப் பாரு, கடைசியா காதைக் கேளு.”

திண்ணை ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றினேன். பின் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றினேன். ஜீப் ஸ்பீக்கர்களை ஜீப்புக்கே அனுப்பினேன். பட்ஜெட்டில் மிச்சம் இருந்த பணத்துக்கு, சோளக்காட்டுச் சந்தைக்கு அன்னாசி ஏற்ற வந்த வண்டியில் கீழே போய், ஒரு ஜோடி 8 ஓம் பெட்டி ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். அதன் பின்பக்கத்தில் மூன்று எண்களைத்தான் பார்த்தேன்: எத்தனை ஓம், எத்தனை ஆர்.எம்.எஸ். வாட், ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல். 90 போட்டிருந்தது. 87 போட்டதை விட்டு 90-ஐ எடுத்தால், ஆம்ப்ளிஃபயரை இரண்டு மடங்காக மாற்றியதற்குச் சமம். மூன்று டெசிபல் கூட்ட வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும் அல்லவா? இதற்குக் கூடுதல் செலவு முந்நூறு ரூபாய். கடைக்காரர் பாவமாகப் பார்த்தார். லைட் எரிகிற ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருக்க, லைட் எரியாததை வாங்குகிறவனைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும்.

8 ஓமில் ஐ.சி. பாதி வாட்தான் கொடுக்கும். ஆனால் பதற்றமில்லாமல், படம் முடியும் வரை கொடுக்கும். நடு ஸ்பீக்கரை அடுப்படியிலிருந்து மீட்டு டி.வி.க்குக் கீழே, உட்கார்ந்தவர்களின் காதைப் பார்த்துச் சற்றே நிமிர்த்தி வைத்தேன். புது ஸ்பீக்கர்களின் பிளஸ் மைனஸைப் பேட்டரிக் கட்டையால் சரிபார்த்தேன். சப் ஊஃபரை மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். மூலையில் ஒட்டி வைத்தால் சுவர்களே பேஸைப் பெருக்கும், பழைய பானை திரும்ப வந்துவிடும். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டச் சொன்னேன். அவ்வளவுதான்.

தம்பி கழற்றிப் போட்ட ஸ்பீக்கர்களை எண்ணினான். ஆறு. மாட்டியிருப்பது, சப்போடு சேர்த்து நான்கு.

“5.1-ன்னு வாங்கினேன், 3.1 ஆக்கிட்டீங்களேண்ணா.”

சரி செய்ய வந்தவன் என்று பேர் எடுக்கலாம் என்று பார்த்தால், திருட வந்தவன் என்று பேர். அவனைச் சமாதானப்படுத்த, செம்மேட்டில் குதிரைமேல் சிலையாக இருக்கும் வல்வில் ஓரியைத் துணைக்குக் கூப்பிட்டேன். எங்கள் மலையின் அசல் ஐந்து சேனல் ஆள் அவன்தான். புறநானூற்றில் வன்பரணர் சொல்கிறபடி, அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, பிளந்த வாய்ப் புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. ஒரு வில், ஒரு அம்பு, ஐந்து இலக்கு. எதிரில் வந்தவர்கள் அவன் யார் என்று தெரியாமலே பாடினார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணித் தலை குனிந்தான்.

“அவன் அஞ்சு அடிச்சும் பேர் சொல்லிக்கலை. உன் பெட்டி ஒண்ணும் அடிக்கறதுக்கு முன்னாடியே நெத்தியில பத்தாயிரம்னு எழுதிக்கிச்சு” என்றேன்.

தம்பி சிரிக்கவில்லை. ஆனாலும் கத்தி கொண்டு ஸ்டிக்கரின் ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்தான். வரவில்லை. அந்தப் பெட்டியிலேயே மிக நன்றாகப் பூட்டப்பட்டிருந்தது அதுதான்.

*

அன்றைக்கு ஆடி பதினெட்டு. பக்கத்து ஊர்க் கோயிலில் திருவிழா. அறையில் தங்கியிருந்த ஒரு குடும்பமும் நாங்களும் கூடத்தில் உட்கார்ந்து படம் பார்த்தோம். வசனம் தெளிவாகக் கேட்டது. கதாநாயகன் பேசினான், கதாநாயகி பேசினாள், வில்லனின் அடியாள் கூட முணுமுணுத்தது கேட்டது. தம்பி மனைவி அடுப்படியிலிருந்தே, “இப்ப இங்கயும் நல்லா கேக்குதே” என்றாள். நாற்பது வருடத்துக்குப் பிறகு பேட்டரி சுமந்த கூலி கிடைத்துவிட்டது போலிருந்தது.

சரியாக அந்த நேரத்தில் பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கொரகொரப்பு வந்தது. பிறகு யாரோ மைக்கை இரண்டு முறை ஊதினார்கள். இப்போதெல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கி நெஞ்சை உலுக்குகிறார்கள். கூம்புக் குழாய் அருகிப்போயிற்று. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த விதியும் இருக்கிறது. ஆனால் இது குழாய், சந்தேகமே இல்லை. மணி ஒன்பதே முக்கால்.

கூம்புக்குக் கீழ்ச் சுருதி ஒன்றும் வராது. மேல் சுருதியும் அவ்வளவாக வராது. மனிதன் பேசுகிற நடு இடம் மட்டும்தான் அதற்குத் தெரியும், அதை விட்டு வேறெதையும் அது முயற்சி செய்வதும் இல்லை. ஒரு ஓடை, ஒரு மூங்கில் புதர், சில்வர் ஓக் மரங்கள், எங்கள் ஓட்டுக் கூரை, மூடிய கதவு எல்லாவற்றையும் தாண்டி, ஒரு சொல் பிசகாமல் வந்தது. நீலச் சட்டை போட்ட நாலு வயதுப் பையன் ஒருவன் மைக் செட் அருகே அழுதுகொண்டிருக்கிறான், பெற்றோர் வந்து அழைத்துப் போகவும்.

தங்க வந்திருந்தவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். எல்லாரும் காதைக் கொடுத்தோம். அறிவிப்பு இரண்டு முறை சொல்லப்பட்டது. பிறகு கொஞ்ச நேரம் மௌனம். பையன் கிடைத்துவிட்டான் போல. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்: குழாய் இரண்டு, பக்கம் பக்கமாக, எட்டு ஓம் திருகாணி.

“திரும்பப் போடட்டுமாண்ணா?” என்று தம்பி எழுந்தான். சத்தம் கொஞ்சம் கூட்டினால் என்ன என்று அவன் கை ஆம்ப்ளிஃபயரின் பெரிய குமிழை நோக்கிப் போனது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து மைக் மறுபடியும் ஊதப்பட்டது. முகம் தெரியாத அந்த மைக்செட்காரர் சொன்னார்:

“ஆம்ப்ளிஃபயர் பெட்டிப் பக்கம் யாரும் வர வேண்டாம். குமிழை யாரும் தொட வேண்டாம்.”

தம்பி கையை எடுத்துக்கொண்டான்.